ஆண் நோயாளிகள் சொல்லாமல் மறைக்கும் தோல் பிரச்சினைகள்: வார்டு அனுபவங்களைப் பகிருங்கள்

மெடிக்கல் வார்டு செவிலியர்:
கதீட்டர் (சிறுநீர் வடியப் போடும் குழாய்) போடப் போகும்போதுதான் பல நேரம் கண்ணில் படுகிறது. அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு முன்தோல் முழுக்க வெடிப்பு. உள்ளே சிவந்து, தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படிவு. "எத்தனை நாளாப்பா இப்படி இருக்கு?" என்றேன். "இதெல்லாம் சொல்ற விஷயமா சிஸ்டர்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேண்டிடா பூஞ்சைத் தொற்று. சர்க்கரை பார்த்தால் 300க்கு மேல்; தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது.

இப்படி வெடிப்பைப் பார்த்தால் தயவுசெய்து சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்காரர் என்றால் என்ன மாத்திரை என்று கேளுங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை; அதனால் இந்தத் தொற்று வர வாய்ப்பு அதிகம்.

அப்புறம், கதீட்டர் போட்டு முடித்ததும் பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவந்து விடுங்கள். இல்லையென்றால் வீங்கி இறுகி ரத்த ஓட்டமே தடைபடும்.

தோல் ஓபி, ஆண் செவிலியர்:
எங்களிடம் கல்லூரிப் பையன்கள் பயந்துபோய் வருவார்கள். ஆணுறுப்பு மொட்டின் விளிம்பைச் சுற்றி, ஒரே அளவில், வரிசையாகச் சின்னச் சின்னப் பருக்கள். பால்வினை மரு என்று இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருப்பார்கள். அது இயல்பான தோல் அமைப்பு, யாருக்கும் தொற்றாது, மருந்தும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! மரு அப்படி வரிசையில் வராது. சொரசொரப்பாக, தாறுமாறாக இருக்கும்.

விதைப்பையில் அரிக்கும் முடிச்சுகள் இருந்தால் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் பாருங்கள். இரவில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சிரங்காக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

தொடையிடுக்குப் படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசுவதுதான் எனக்குப் பெரிய கவலை. அரிப்பு அடங்கும், படை பரவும், விளிம்பு மங்கி அடையாளமே மாறிப்போகும்.

சர்ஜரி வார்டு செவிலியர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவர் விதைப்பை வலிக்கிறது என்று துடித்தார். மேலே லேசான சிவப்பும் வீக்கமும்தான். தோலில் தெரிவதைவிட வலி மிக அதிகம், காய்ச்சல் வேறு. தொட்டால் உள்ளே நறநறவென்றிருந்தது. காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம். ஃபோர்னியர் அழுகல்; பிறப்புறுப்புப் பகுதியின் திசு வேகமாக அழுகும் கிருமித் தொற்று. அன்றிரவே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் அழுகிய திசுவை எடுத்தார்கள். வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங் செய்து, நடந்தே வீட்டுக்குப் போனார்.