மேமியோ காண்டாகிரேக் பங்களா முதல்லருந்தே ஹோட்டல்தானா?

ரங்கூன்_பொண்ணு:
வணக்கம், லீவுக்கு குடும்பத்தோட பர்மாவுல மண்டலே பக்கத்துல இருக்கற மலை ஊரு மேமியோ (இப்ப பியின் ஊ ல்வின்) போறோம். அங்க கோட்டை மாதிரி நிக்குதே செவப்பு செங்கல் காண்டாகிரேக் பங்களா, அந்த போட்டோவ பாத்ததுலருந்து அதே நெனப்புதான். ஹோட்டலுக்குன்னு கட்டினா உள்ள நுழைஞ்சதும் அம்மாம் பெரிய ஹாலும் படிக்கட்டுமா எதுக்கு வச்சாங்க, அந்த எடத்துல இன்னும் நாலு ரூம் போட்டிருக்கலாமே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்டலே_அண்ணாச்சி:
ஹோட்டலுக்கு கட்டினதே இல்லம்மா. 1904ல பாம்பே பர்மா கம்பெனி, அதான் தேக்கு வெட்டின கம்பெனி, கல்யாணமாகாத வெள்ளக்கார ஆபீசருங்க தங்க கட்டினது. மாசக்கணக்கா யானையோட காட்டுல கெடந்துட்டு காய்ச்சலும் அலுப்புமா வர்றவங்க உடம்பு தேத்திக்கதான் இந்த எடம், வாடகை கணக்கு பாக்கவே இல்ல, அதனால ரூம் கம்மி, எல்லாரும் கூடி உக்கார்ற எடம் தாராளம். மேமியோ 1000 மீட்டருக்கு மேல இருக்கு, ராத்திரி நல்லா குளிரும், அதுக்குதான் உள்ள குளிர்காய கணப்படுப்பு வச்சிருக்காங்க. வெள்ளக்காரன் ஆட்சில வெயில் காலத்துல கவர்மெண்டே ரங்கூன விட்டு இங்க ஏறி வந்துரும். ஹோட்டலானதெல்லாம் பின்னால, கவர்மெண்ட் கைக்கு வந்தப்புறம்தான்.

கானாடுகாத்தான்_பேரன்:
அண்ணே படிக்கட்டும் நம்மூர் செட்டிநாட்டு தூணும் ஒரே தேக்குதானா?

மோல்மீன்_சுந்தரி:
ஒரே பர்மா தேக்குதான் தம்பி. எங்க தாத்தா மோல்மீன் மரமில்லுல வேலை பாத்தவரு, அவரு சொல்லுவாரு, பச்ச தேக்கு தண்ணில முங்கிரும், அதனால மரம் நிக்கும்போதே அடில சுத்தி பட்டைய வெட்டி விட்டுருவாங்க, ரெண்டு மூணு வருஷம் நின்னவாக்குலயே காஞ்சப்புறம்தான் சாய்ச்சு யானைய வச்சு ஓடைக்கு இழுத்து ஆத்துல மெதக்க விடறது. மரத்துலயே எண்ணெய் இருக்கு, கரையான் கிட்ட வராது. அந்த படிக்கட்டு கைப்பிடிய தடவி பாருங்க, வழுவழுன்னு இருக்கும். மரம் வித்தவன் தன் வீட்டுக்கு மட்டமானதையா போடுவான்!

மண்டலே_அண்ணாச்சி:
இந்த கம்பெனி கதைய லேசா விடக்கூடாது. 1885ல மரத்துக்கு ஒழுங்கா காசு கட்டலன்னு பர்மாவோட கடைசி ராஜா திபா மன்னர் சபை இவங்களுக்கு லட்சக்கணக்குல அபராதம் போட்டுச்சு, அதையே சாக்கா வச்சு வெள்ளக்காரன் படையெடுத்து மண்டலேய புடிச்சு ராஜாவ இந்தியாவுக்கு ரத்னகிரிக்கு அனுப்பிட்டான். அப்புறம் 20 வருஷம் கூட ஆகல, இந்த பங்களா எழும்பிருச்சு. இத தெரிஞ்சுகிட்டு போய் பாரும்மா, அழகு அழகுதான், ஆனா பிள்ளைங்களுக்கு இதையும் சொல்லு.

ரங்கூன்_பொண்ணு:
கண்டிப்பா சொல்றேன் அண்ணாச்சி. மண்டலேலருந்து ரயில்ல போலாமா, கார்தான் நல்லதா?

மோல்மீன்_சுந்தரி:
கார்ல சீக்கிரம் போயிரலாம். ஆனா ரயிலு மலைல முன்னயும் பின்னயும் மாறி மாறி போயி ஏறும், பிள்ளைங்களுக்கு அதான் புடிக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.