ரத்தத்திலேயே இருக்கும் வில்வித்தை

சமீபத்தில் படித்த ஒரு இளையோர் ஃபேன்டசியில் நாயகிக்குப் பதினாறு வயது, பிறந்ததிலிருந்து அரண்மனையில் பாத்திரம் தேய்த்தவள். நாலாவது அத்தியாயத்தில் முதன்முறையாக வில்லைத் தொடுகிறாள், ஆறாவதில் கோட்டைக் காவலர் தலைவனையே சாய்த்துவிடுகிறாள். கேட்டால் ரத்தத்திலேயே இருக்கிறதாம்! மந்திர வில் என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு படித்திருப்பேன். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த போர் வில்களில் பலவற்றை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதற்கெல்லாம் வருஷக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். தீர்க்கதரிசனம் வந்தால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இவளால்தான் சாவு என்று முழுசாக நம்புகிற ராஜா, ரெண்டே ரெண்டு அடியாட்களை அனுப்பிவிட்டு விருந்துக்குப் போய் உட்கார்ந்தால் எப்படி?

இந்த மாதிரிக் கதைகளில் எனக்குக் குதிரைதான் பிரச்சினை. ராத்திரி முழுக்க நாலுகால் பாய்ச்சல், விடிந்ததும் மலை ஏற்றம், தண்ணீர் காட்டுவதே கிடையாது. நிஜக் குதிரை முழு வேகத்தில் சில கிலோமீட்டர் ஓடினாலே இரைக்கும். வாசகர் குதிரையைப் பார்த்ததே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல.

குதிரையை விடுங்கள், கொடுத்த சக்தியை எழுதியவரே மறந்துவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹாரி பாட்டர் மூன்றாம் பாகத்தில் (1999) காலத்தைத் திருப்பும் கருவியை ஒரு மாணவிக்குக் கூடுதல் வகுப்புக்குப் போகத் தருகிறார்கள், அவ்வளவு பெரிய சாமானை வகுப்புக்கு! அப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்போம் இல்லையா, 2003இல் வந்த ஐந்தாம் பாகத்துச் சண்டையில் மந்திர அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகளெல்லாம் நொறுங்கிவிடுகின்றன. சாமர்த்தியமோ சமாளிப்போ, ஓட்டையை அடைக்கவாவது செய்தார்கள். நான் படித்த இன்னொரு தொடரில் நாயகி தொட்டாலே காயம் ஆறும், மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சிப்பாயின் வயிற்றுக் குத்தையே ஆற்றுகிறாள். கடைசிப் போரில் தோழிக்கு அதே இடத்தில் குத்து. மடியில் போட்டுக்கொண்டு, அதே கையால் தலையைக் கோதியபடி எட்டுப் பக்கம் அழுகிறாள், தோழி போய்ச் சேர்கிறாள். நடுவில் எங்காவது சக்தி போனதாக ஒரு வரி இருக்குமோ என்று திருப்பித் திருப்பித் தேடினேன், இல்லை. அடுத்த பாகத்தில் அந்தக் கை ஒரு முயலைக் காப்பாற்றுகிறது.