அப்பாட படகில கம்பனிக் கருவி பூட்டலாமா?

கேட்டவர்: வாழைச்சேனைப் பொடியன்

அப்பா 30 வருசமா வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போறவர். போன கிழமை ஒரு கம்பனிக்காரர் வந்து தூண்டில் கயிற்றில சின்னக் கருவி ஒண்டு கட்டச் சொன்னாங்க. கயிறு இறங்கி ஏறக்குள்ள எந்த ஆழத்தில தண்ணி எவ்வளவு சூடு எண்டு அது பதியும். மறுகா படகில இருக்கிற பெட்டி அதை வாங்கி அனுப்பும். கருவி இலவசம். அப்பா ஒண்டுதான் கேட்டவர்: "நான் சூரை பிடிக்கிற இடம் ஆர்ட கைக்குப் போகும்?" வந்தவங்க அதுக்குச் சரியா மறுமொழி சொல்லல்ல. தந்த கடதாசியும் இங்கிலீசில.

எனக்கு வேண்டாம் எண்டு சொல்லவும் மனமில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில அம்மம்மாட வீட்டுக்கூரை போனதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒலுவில் ஆள்

தம்பி, புயலைக் கணிக்க இந்த அளவு கட்டாயம் தேவை. செய்மதிக்குக் கடலின்ட மேற்தோல் மட்டும்தான் தெரியும். புயல் தின்னுறது கீழ இருக்கிற சூட்டையும் சேர்த்து. தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு வங்கக்கடலில ஆத்துத் தண்ணி மேலால படிஞ்சு கிடக்கும். அப்ப காற்று கலக்கினாலும் அடியில உள்ள குளிர்தண்ணி லேசில மேல வராது, புயல் தளராது.

ஆர்கோ எண்டு கடலில தானா இறங்கி ஏறி அளக்கிற மிதவைகள் உலகம் முழுக்க ஏறக்குறைய 4000 இருக்கு. 10 நாளைக்கு ஒருக்கா 2000 மீற்றருக்கு இறங்கி அளந்துகொண்டு வரும். ஆனா ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில சுமார் 300 கிலோமீற்றர், ரோட்டால மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போற தூரம். உங்கட வாப்பா போற இடம் அந்த இடைவெளிக்குள்ளதான்.

அந்த மிதவைகளிலயும் கனக்கக் கம்பனிகள் செய்ததுதான். எண்டாலும் அளவை ஆரும் காசில்லாம எடுக்கலாம், தொடக்கத்திலயே அப்படித்தான் விதி வைச்சவங்க. கம்பனியைக் கண்டு பயப்படாதீங்க, நிபந்தனையைப் பாருங்க.

கல்லடி அக்கா

நியூசிலாந்தில மோஆனா எண்ட திட்டத்தில மீன்பிடிப் படகுகளில இதே வேலை நடந்தது. கருவி செய்தது தனியார் கம்பனி. மீனவருக்குத் தன்ர அளவு தன்ர கைக்கே திரும்பி வந்தது. அதைக் கேளுங்க தம்பி. தண்ணிச் சூடு ஊருக்குப் போகட்டும். சூரை கிடைச்ச இடம் அப்பாட தொழில், 30 வருசமாத் தேடின சொத்து. அதைச் சும்மா எழுதிக் குடுக்காதீங்க.

வாழைச்சேனைப் பொடியன்

அப்பாக்கு வாசிச்சுக் காட்டினேன். மூண்டு விசயம் கேட்கச் சொல்றார்: சரியான இடத்தை வேற படகுக்கோ மீன் வாங்கிறவனுக்கோ காட்டக்கூடாது, அளவு எங்களுக்கும் வானிலைக்காரருக்கும் இலவசமா வரவேணும், கயிறு அறுந்து கருவி போனா கடன் எங்கட தலையில விழக்கூடாது. வெள்ளிக்கிழமை திரும்பி வாறாங்களாம். இப்பிடியான ஒப்பந்தம் தமிழில எழுதினது ஆரிட்டயும் இருந்தா அதுக்கு முன்னம் அனுப்புங்க.