வீட்டைக் கடந்து அடிக்கடி செல்லும் காவல் ரோந்து தொந்தரவாகுமா?

சட்டம் அறிந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். சில வாரங்களாகக் காவல்துறையின் ரோந்து வாகனம் இரவும் பகலும் எங்கள் வீட்டைக் கடந்து செல்கிறது. வாசலுக்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைத்து, சில இரவுகளில் விளக்கை வீட்டின் மீது பாய்ச்சிவிட்டு நகர்கிறது. எங்கள் மீது வழக்கோ புகாரோ இல்லை. பொதுச் சாலையில் ரோந்து செல்வது அவர்களுடைய கடமை என்பதையும், திருட்டு நடந்த பகுதியில் கண்காணிப்பைக் கூட்டுவது இயல்பு என்பதையும் அறிவேன். ஆனால் தெருவில் எத்தனையோ வீடுகள் இருக்க, காரணம் கூறாமல் ஒரே வீட்டைக் குறிவைத்து இது தொடர்ந்தால் தொந்தரவு என்று கருத முடியுமா? என் தாயார் வாசலில் அமர்வதையே நிறுத்திவிட்டார். அதுதான் பெரும் வருத்தம். தேதி, நேரம், வாகன எண் ஆகியவற்றைக் குறித்து வருகிறேன். உயர் அதிகாரியிடம் எழுத்து மூலம் காரணம் கேட்பதா, முதலிலேயே வழக்கறிஞரை அணுகுவதா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.