எனாமல் பெயின்ட் அடித்த புங்க மரங்கள், என்ன செய்யலாம்?

மரம் வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் தெருவில் வரிசையாகப் புங்கனும் வேம்பும் நிற்கின்றன, எல்லாமே இளமரங்கள். திருவிழாவுக்குத் தெருவை அழகுபடுத்துகிறோம் என்று யாரோ போன வாரம் 4 அடி உயரத்துக்கு வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள், நடுவில் காவிப் பட்டை வேறு.

நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்கு வெள்ளை அடிப்பது எதற்கென்று தெரியும். ராத்திரியில் வண்டி விளக்கு பட்டதும் மரம் பளிச்சென்று தெரியும், வளைவில் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் புரியும், தெருவிளக்கே இல்லாத இடத்தில் அது உயிர் காக்கிற விஷயம். ஆனால் அதற்குச் சுண்ணாம்பே போதுமே! அது நாளடைவில் மழையில் கரைந்து உதிர்ந்துவிடும். மரப்பட்டையில் இருக்கும் நுண்துளைகள் வழியாகவும் மரம் மூச்சு விடுகிறது, எனாமல் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு புங்கனில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், பெயின்ட்டோடு மேல்தோலும் பெயர்ந்து உள்ளே பச்சை தெரிகிறது.

இதை எடுக்க முயலலாமா, இல்லை அப்படியே விட்டால் மரம் பருக்கும்போது தானாக வெடித்து உதிருமா? தின்னர் போட்டுத் துடைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன், எனக்குப் பயமாக இருக்கிறது. அப்புறம், இனிமேல் சுண்ணாம்புதான் என்று தெருவில் பேசி வைத்திருக்கிறோம். அதில் மயில்துத்தம் (பூஞ்சை வராமல் தடுக்கும் காப்பர் சல்பேட்) கலந்து அடிப்பவர்கள் இருந்தால், எந்த அளவு கலக்கிறீர்கள், இளமரம் தாங்குமா என்று சொல்லுங்கள். மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும்.