கடற்கரை மணல் தரையில் போட்ட கான்கிரீட் ஒரே மழையில் இறங்கிவிட்டது – உடைத்துப் போடுவதா, மேலேயே பூசுவதா?

உப்புக்காத்து:
வேதாரண்யம் பக்கம் வீடு. சுற்றிலும் வெறும் மணல். வீட்டு முன்னால் கார் நிறுத்த 20 அடிக்கு 30 அடி கான்கிரீட் தரை போன வருஷம் சித்திரையில் போட்டது. 4 இஞ்ச் என்று பேசினோம். கார்த்திகை மழை முடிந்ததும் வடகிழக்கு மூலை 2 இஞ்ச் இறங்கிவிட்டது. போர்டிகோ தூண் மூலையிலிருந்து குறுக்காக ஒரு பெரிய விரிசல், பத்து ரூபாய் காசு செங்குத்தாக உள்ளே போகும். மற்ற இடத்தில் வலை மாதிரி மெல்லிய வெடிப்பு. துடைப்பத்தால் பெருக்கினால் சிமென்ட் தூளாக வருகிறது.

போட்டவரிடம் கேட்டால் "மணல் தரைன்னா இப்படித்தான் சார், மேல 2 இஞ்ச் கலவை போட்டுச் சரி பண்ணிடலாம்" என்கிறார். இப்போது ஆவணி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

மட்டப்பலகை:
மேலே பூச வேண்டாம். கீழே மணல் போன இடத்தில் மேலே எடை ஏற்றினால் இன்னும் இறங்கும். 2 இஞ்ச் பூச்சு பழைய தரையில் ஒட்டாமல் தனியாகக் காயும், காரின் சக்கரம் ஏறியதும் சில்லுச் சில்லாகப் பெயரும்.

முதலில் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்க:
மாடி மழைத்தண்ணீர் குழாய் எங்கே விழுகிறது? இறங்கிய மூலைக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாயோ சேம்பரோ இருக்கிறதா? இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே போனால் எதுவரைக்கும் சத்தம் பொள்ளலாக வருகிறது? ஓரத்தில் மணலை விலக்கிப் பார்த்தால் கான்கிரீட் கனம் எவ்வளவு?

உப்புக்காத்து:
பார்த்துவிட்டேன்.
மாடித் தண்ணீர் இரண்டு 4 இஞ்ச் குழாயில் இறங்குகிறது, இரண்டும் அதே வடகிழக்கு மூலையில் மணலில்தான் விழுகிறது. மாடி 1,000 சதுர அடி.
அந்த மூலையிலிருந்து 4 அடி தள்ளி சேம்பர் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அடியில் 3 இஞ்சுக்கு மணல் கிடக்கிறது.
ஓரத்திலிருந்து 3 அடி உள்ளே வரைக்கும் பொள்ளல் சத்தம்.
கனம் ஓரத்தில் இரண்டரை இஞ்ச்தான் இருக்கிறது. 8 எம்.எம். கம்பி போட்டிருக்கிறார்கள், ஆனால் அது கான்கிரீட்டுக்கு அடியில் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. துரு ஏறி உதிர்கிறது.

சிவில்காரன்:
அப்படியானால் இது கான்கிரீட் பிரச்சினை மட்டும் இல்லை. மணல் ஓடுகிற பிரச்சினை. மணல் உண்மையில் நல்ல அடித்தளம்தான். களிமண் மாதிரி ஊறிப் பெருக்காது, காய்ந்து சுருங்காது. ஆனால் பக்கவாட்டில் கட்டுப்பாடு இருக்கும் வரைக்கும்தான் தாங்கும். ஓரம் திறந்திருந்து தண்ணீர் ஓடினால் ஒவ்வொரு பருக்கையாகப் போய்விடும்.

உங்களுக்கு இரண்டு வழியில் போயிருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் தண்ணீர். அத்தனையும் ஒரே மூலையில் விழுந்து ஓரத்துக்கு அடியில் அரித்திருக்கிறது. இது ஒன்று. சேம்பரில் மணல் கிடப்பது இரண்டாவது. எங்கேயோ குழாய் இணைப்பு திறந்திருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது தண்ணீரும் மணலும் சேர்ந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுபடும். இதை அடைக்காமல் எவ்வளவு கனமாகக் கான்கிரீட் போட்டாலும் இரண்டு மழையில் திரும்ப இறங்கும்.

தூண் மூலை விரிசல் வேறு கதை. தரை சுருங்கப் பார்க்கிறது, தூண் விடவில்லை. வலை வெடிப்பும் தூள் வருவதும் மேல்பரப்பு வேலை. சித்திரை வெயிலில் ஈரம் சீக்கிரம் பறந்திருக்கும், தண்ணீர் ஊறி மேலே நிற்கும்போது சிமென்ட் தூவித் தேய்த்திருப்பார்கள்.

கம்பிக்கட்டு:
இறங்கின இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் போதாதா? 600 சதுர அடியும் உடைப்பது செலவு சார். 40 எம்.எம். துளை போட்டு 1:3 சிமென்ட் மணல் பாலை உள்ளே விட்டு நிரப்பும் முறையும் இருக்கிறதே?

சிவில்காரன்:
தரை 5 இஞ்ச் கனமாக இருந்து அடியில் மட்டும் பொள்ளல் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே ஓரத்தில் இரண்டரை இஞ்ச், கம்பி அடியில், மேல்பரப்பு தூள். நிரப்பிக் காப்பாற்றும் அளவுக்கு மேலே சரக்கு இல்லை. முழுதாக எடுத்துவிடுங்க. உடைத்த கல்லை வீணாக்க வேண்டாம், கையளவுக்கு நொறுக்கினால் கீழ்த்தளத்தில் போடலாம். துருக்கம்பியைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

மட்டப்பலகை:
வேலை வரிசை முக்கியம். முதலில் குழாய், அப்புறம் மழைத்தண்ணீர், அப்புறம் மண், கடைசியில்தான் கான்கிரீட்.

குழாய்: சேம்பர் சுவருக்குள் பி.வி.சி. குழாய் நுழைகிற இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பி.வி.சி. வழவழப்பாக இருப்பதால் வெறும் சிமென்ட் பூச்சு பிடிக்காது, ஆறு மாதத்தில் சுற்றிலும் இடைவெளி விடும். பழைய பூச்சைச் செதுக்கி எடுத்து, குழாயின் மேல் சால்வென்ட் சிமென்ட் (பி.வி.சி. குழாய் ஒட்டும் பசை) தடவி, ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலைத் தூவுங்க. காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாகும். அதற்கு மேல் 1:3 கலவை வைத்தால் கெட்டியாகப் பிடிக்கும்.

மழைத்தண்ணீர்: இரண்டு குழாயையும் சேர்த்துத் தரைக்கு அடியில் 6 இஞ்ச் குழாயில் வெளியே கொண்டுபோங்க. உறிஞ்சு குழி வைத்தால் வீட்டிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். மணலில் குழி நன்றாகவே உறிஞ்சும். ஆனால் கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டால் உறிஞ்ச இடம் இருக்காது, அதனால் தெரு வடிகாலுக்கு ஒரு வழியும் விட்டுவைக்க வேண்டும்.

சிவில்காரன்:
மண் கெட்டிப்படுத்துவது: மணலுக்கு திம்சு (கையால் இடிக்கும் கட்டை) போட்டு இடித்தால் இடித்த இடம் அமுங்கி பக்கத்தில் மேலே எழும்பும். மணல் அதிர்வுக்குத்தான் அடங்கும். பிளேட் வைப்ரேட்டர் (தட்டு அதிர்ந்து மண்ணை அடக்கும் மெஷின்) வாடகைக்கு எடுங்க. ஈரப்படுத்தி 6 இஞ்ச் கனத்துக்கு ஒவ்வொரு அடுக்காக, அடுக்குக்கு 3, 4 தடவை ஓட்ட வேண்டும். குழாய் தோண்டிய பள்ளத்தையும் இதே மாதிரி நிரப்பணும். பலபேர் அந்தப் பள்ளத்தை மட்டும் சும்மா தள்ளி மூடிவிடுவார்கள், பிறகு விரிசல் குழாய் போன கோட்டிலேயே வரும்.

சரிபார்க்க: 12 எம்.எம். கம்பியை ஒரு கையால் அழுத்துங்க. 3, 4 இஞ்சுக்கு மேல் சுலபமாக இறங்கினால் இன்னும் ஓட்டணும். கைக்கணக்குதான், லேப் டெஸ்ட் இல்லை. வீட்டுத் தரைக்குப் போதும்.

அதற்கு மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து 4 இஞ்ச். திறந்திருக்கிற மூன்று பக்கமும் ஓரத்தில் 6 இஞ்ச் அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டைக் கீழே இறக்கி, தரையோடு சேர்த்தே போடுங்க. மணலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். இதைச் சுருக்கினால் மற்ற செலவெல்லாம் வீண்.

உப்புக்காத்து:
கம்பி எவ்வளவு போடணும்? 8 எம்.எம். 8 இஞ்சுக்கு ஒன்று என்றால் சரியா?

கம்பிக்கட்டு:
8 எம்.எம்., 8 இஞ்ச், இரண்டு பக்கமும். மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைத்துக் கட்டுங்க. கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்று சொன்னால் நம்பாதீங்க, ஆள் மிதித்து எல்லாம் அடியில் போய்விடும். உங்க பழைய தரையில் நடந்தது அதுதான்.

சிவில்காரன்:
வேதாரண்யத்தில் உப்பளக் காற்று. அங்கே நான் கம்பியே வேண்டாம் என்பேன்.

ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) கணக்குப்படி கடலோரக் காற்றுக்குத் திறந்திருக்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு எம்30 (கான்கிரீட் பலத்தின் தரம், எண் கூடினால் பலம் கூடும்), 45 எம்.எம். கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்). கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு எம்20 போதும், ஒரு கன மீட்டருக்கு 250 கிலோ சிமென்ட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50. புதிதாகப் போடும் 5 இஞ்ச் தரையில் மேலே 45 எம்.எம். விட்டால் கம்பி கிட்டத்தட்ட நடுவில் போய்விடும், விரிசலைப் பிடிக்கிற வேலையைப் பாதிதான் செய்யும். கவரைக் குறைத்தால் துரு ஏறிக் கான்கிரீட்டையே பிளக்கும். தரையில் கம்பி எடை தாங்க இல்லை, விரிசல் விரியாமல் பிடிக்கத்தான். அந்த வேலையை ஜாயின்ட் (விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும்படி தரையில் போடும் வெட்டுக்கோடு) போட்டே முடிக்கலாம்.

ஜாயின்ட் இடைவெளி கனத்தைப் போல 24 மடங்கு. 5 இஞ்சுக்கு 10 அடி. உங்க இடம் 20க்கு 30, ஆறு சதுரமாக அழகாக வருகிறது. தூணைச் சுற்றி 12 எம்.எம். தெர்மாகோல் வைத்துத் தனியாகப் பிரித்துவிடுங்க, வீட்டுச் சுவர் ஓரமும் அப்படியே.

கம்பிக்கட்டு:
பிறகு பெரிய வேன் ஏறினால்?

சிவில்காரன்:
அடி மண் சரியாக இருந்தால் கார், சின்ன வேன் தாங்கும். தண்ணீர் லாரி உள்ளே வரும் என்றால் 6 இஞ்ச் போடட்டும். கம்பியை நம்ப வேண்டாம்.

மட்டப்பலகை:
கான்கிரீட் அளவு: 600 சதுர அடி, 5 இஞ்ச் என்றால் 250 கன அடி. 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு சிமென்ட் 57 மூட்டை, எம்-சாண்ட் 1 யூனிட்டுக்குக் (100 கன அடி) கொஞ்சம் மேல், முக்கால் இஞ்ச் ஜல்லி 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஓரத்தில் கீழே இறக்கும் கான்கிரீட்டுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளணும். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் மணலைக் கலவையில் ஒரு சட்டி கூடச் சேர்க்க விடாதீங்க. உப்பு ஒரு பக்கம், ஒரே அளவுப் பருக்கை என்பது இன்னொரு பக்கம்.

சட்டிக் கணக்கு வேண்டாம். 40 × 35 × 25 செ.மீ. உள்ளளவில் பலகைப் பெட்டி அடித்தால் 35 லிட்டர், ஒரு மூட்டை சிமென்டின் அளவு. மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும், பெட்டி நிறைந்தாலும் சரக்கு குறைவாக இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் 8 இஞ்ச் உயரம் ஈரமணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்க. ஆறரை இஞ்சுக்கு இறங்கினால் 23 சதவீதம் உப்பல், ஒன்றரைப் பெட்டிக்குப் பதில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேல் போடணும்.

தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர். ஈரமணலில் ஏற்கெனவே 4 லிட்டர் இருக்கும், அதைக் கழித்து 21. கொத்தனாருக்கு இறுக்கமாகத் தெரிந்தால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து) ஊற்றட்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

உப்புக்காத்து:
போர் தண்ணீர் கரிப்பாக இருக்கிறது. பரவாயில்லையா?

மட்டப்பலகை:
கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 2,000 மி.கி. வரை விடலாம், கம்பி இருந்தால் 500தான். வாயில் வைத்ததும் கரிக்கிற தண்ணீரை நான் லேபில் கொடுக்காமல் தொடமாட்டேன். டேங்கர் தண்ணீர் வாங்குங்க, க்யூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது) அதேதான்.

சிவில்காரன்:
போடும் நேரம். ஆவணியில் பகல் வெயில், சாயங்காலம் இடி மழை. விடியற்காலை ஐந்தரைக்குக் கலவை தொடங்கி எட்டு, எட்டரைக்குள் கொட்டி முடிக்கணும். அப்போது சாயங்கால மழை வந்தாலும் தரை இறுகியிருக்கும், மழை க்யூரிங்காகப் போய்விடும். 10 அடி அகலம், 30 அடி நீளம் ஒரு நாள். கார் நிற்கும் பட்டையை முதலில் போடுங்க. நடு ஜாயின்ட்டில் சக்கரம் படாமல் வண்டி நிற்கும்.

அடியில் 200 மைக்ரான் பாலிதீன் விரிக்கணும். இல்லாவிட்டால் சிமென்ட் பால் கீழே இறங்கிவிடும், மழைக்காலத்தில் உப்பும் மேலே ஏறும். பாலிதீன் போட்டால் ஊறும் தண்ணீரெல்லாம் மேலேதான் வரும். அது மறையும் வரை தேய்க்காதீங்க, சிமென்ட் தூவாதீங்க. கடல் காற்று பலமாக வரும் முன்னால் மணியாஸ் கட்டை (மேல்பரப்பைத் தேய்க்கும் மரக்கட்டை) ஓட்டி முடித்து, உடனே பாலிதீன் தாளால் மூடுங்க. ஜாயின்ட் கோடு ஈரத்திலேயே போடலாம், ஆழம் ஒன்றேகால் இஞ்ச். வெட்டும் மெஷின் என்றால் அன்றைக்கே, விளிம்பு உதிராத அளவுக்கு இறுகியதும் வெட்டணும். மறுநாள் வந்தால் தரை தானே ஒரு கோடு போட்டிருக்கும்.

வாட்டம் வீட்டிலிருந்து வெளியே 20 அடிக்கு 4 இஞ்ச்.

உப்புக்காத்து:
தேய்த்து முடித்த உடனே மழை வந்துவிட்டால்?

மட்டப்பலகை:
தார்ப்பாயும் சவுக்குக் கழியும் முன்கூட்டியே பக்கத்தில் இருக்கணும். தார்ப்பாய் தரையைத் தொடாமல் பந்தல் மாதிரி நிற்க வேண்டும். நனைந்துவிட்டால் தேங்கிய தண்ணீரை ரப்பர் பட்டையால் வழித்துத் தள்ளுங்க, உள்ளே வைத்துத் தேய்க்காதீங்க. மறுநாள் ஆணியால் கீறுங்க. வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மாவாக உதிர்ந்தால் அந்த மேல்தோலைத் தேய்த்து எடுக்கணும்.

பி.பி.சி. (சாம்பல் மாதிரிப் பொருள் கலந்த) சிமென்ட் என்றால் 14 நாள் தண்ணீர் நிற்கணும், களிமண் பாத்தி கட்டுங்க. உங்க ஊர் மணலில் பாத்தி கட்டினால் தண்ணீரும் நிற்காது, உப்பும் இறங்கும்.

உப்புக்காத்து:
சேம்பரை உடைத்துப் பார்த்தாயிற்று. குழாய் நுழையும் இடத்தில் சுற்றிலும் விரல் நுழைகிற ஓட்டை. வெளிப்பக்கம் ஒரு வாளி அளவுக்குப் பொந்து. அதைத் தோண்டி நிரப்பணுமா, மேலிருந்தே மணலைத் தள்ளினால் போதுமா?

மட்டப்பலகை:
தோண்டித்தான் ஆகணும். பொந்து எவ்வளவு தூரம் போகிறது என்று மேலிருந்து தெரியாது. குழாயின் அடிமட்டம் வரை திறந்து, இணைப்பை அடைத்து, இரண்டு நாள் விட்டு, சேம்பரில் கீழ்வாய்க்குத் துணிப்பந்து அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் குறித்து வையுங்க. ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்காவிட்டால் 6 இஞ்ச் அடுக்காக மூடுங்க. குழாய்க்கு மேல் ஓர் அடி மணல் வரும் வரை பிளேட் வைப்ரேட்டர் ஓட்டாதீங்க, தண்ணீர் விட்டு அடக்கினால் போதும்.