வீடு வித்த பிறகு, லாபத்துக்கு வரி கட்டச் சொல்லி ஹாசில்ல (மலேசிய வருமான வரி வாரியம்) இருந்து கடிதம் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

செம்பனைக்காரன்:
பத்தாங் பெர்ஜுந்தை தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. 2014ல எஸ்என்பி (வாங்கல் விற்பனை ஒப்பந்தம்) போட்டு 98,000 வெள்ளிக்கு வாங்கினது, 2023 நவம்பர்ல 230,000க்கு வித்தேன். வாங்கினவங்க லாயர் வழக்கம்போல வரிக்காக வித்த விலையில 3 விழுக்காடு, 6,900 வெள்ளி பிடிச்சு ஹாசிலுக்குக் கட்டிட்டார். வாங்கி ஆறாவது வருஷத்துல இருந்து வித்த லாபத்துக்கு நமக்கு வரி சைபர்தானே, நான் அதோட விட்டுட்டேன். அப்புறம் வந்துச்சு நோட்டீஸ், 23,760 வெள்ளி கட்டுன்னு.

எங்க லாயர் ஆபீஸ்ல வரிப் பாரத்துல (படிவத்துல) வாங்கின தேதின்னு கிராண்ட், அதாவது பட்டா, வந்த தேதியைப் போட்டிருக்காங்க. நம்ம பக்கத்து தாமான்கள்ல கிராண்ட் எந்த லட்சணத்துல வரும்னு உங்களுக்கே தெரியும், எனக்கு 2020 மார்ச்லதான் வந்தது. அப்படிப் பார்த்தா நாலாவது வருஷம், 20 விழுக்காடு. லாபம் 132,000ல பத்துல ஒரு பங்கு தள்ளுபடி போக மிச்சத்துக்கு வரி. கணக்கு சரி, தேதிதான் தப்பு. பார்க்க வேண்டியது ஒப்பந்தத் தேதியை.

எஸ்என்பி அசல் அம்மா அலமாரியில சேலைக்கு அடியில இருந்துச்சு. கரையான் ஓரத்தை அரிச்சு, வீடு கட்டின கம்பெனிக்காரர் கையெழுத்துல பாதியைத் தின்னுட்டு, தேதிக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்னிருக்கு. கவுண்டர்ல இருந்த பொண்ணு அந்தப் பக்கத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, தேதி மேல விரலை வெச்சுப் படிச்சுட்டு "போலே", அதாவது சரின்னாங்க. அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு. இன்னும் கரையானை நெனச்சா பக்குன்னு இருக்கு.

மலர் ஈஜோக்:
எங்களுக்கு 2020 தொடக்கத்துல. அப்ப அஞ்சு வருஷம் தாண்டின வீட்டுக்கும் 5 விழுக்காடு இருந்துச்சு, 2022லதான் எடுத்தாங்க. அம்மா ரப்பர் பால்மரம் வெட்டி, இபிஎஃப் காசை எடுத்து வாங்கின வீடு அது. தம்பி கடிதத்தைப் படிச்சு "லாபத்துக்கு வரியாம்"னான். அம்மா சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, "விடியறதுக்கு முன்ன கொசுக்கடியில நின்னு பால் வெட்டினேனே, அதைக் கழிச்சுட்டா லாபம்ங்கிறான்?"னு கேட்டாங்க. வீட்டுல யாருக்கும் வாய் வரலை. சொந்தமா குடியிருந்த வீட்டுக்கு ஆயுசுல ஒரு தடவை விலக்கு உண்டுன்னு பக்கத்து வீட்டுப் பழைய கெராணி (குமாஸ்தா) சொல்லித்தான் எழுதிக் கேட்டோம். கிடைச்சது. கேட்காம அது தானா வராது.

ராஜா கோலசிலாங்கூர்:
தங்கச்சி, அந்த விலக்கை அங்க எடுத்திருக்கவே கூடாது. 2013க்கு முன்ன வாங்கின வீடுன்னா, 2013 ஜனவரி 1ல அதுக்கு என்ன மதிப்போ அதைத்தான் வாங்கின விலையா எடுப்பாங்க. லாபமே சின்னதா வந்திருக்கும், அதுல 5 விழுக்காடு எவ்வளவு வரப்போகுது? ஒரே தடவை கிடைக்கிறதை வீணாக்கிட்டீங்க.

செம்பனைக்காரன் தம்பி, வரி சைபர்னு பேசாம இருக்கக் கூடாது, சைபருக்கும் பாரம் போகணும். 2025 ஜனவரி 1ல இருந்து சுயமதிப்பீடு வந்தாச்சு. இனி விக்கிறவங்கதான் ஹாசிலோட மைடேக்ஸ் இணையதளத்துல கணக்குப் போட்டு 60 நாளுக்குள்ள அனுப்பணும். லாயர் போட்டாலும் ஒரு காப்பி வாங்கி வரி வரியா பாருங்க. நோட்டீஸ் பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள அப்பீல். அப்பீல் போட்டாச்சுன்னு காசைக் கட்டாம இருக்கலாம்னு நினைக்காதீங்க. ஏஜென்ட் கமிஷன், லாயர் பீஸ் எல்லாம் கழிக்கலாம், வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்க முடியாது. ரசீதை 7 வருஷம் வைங்க, தெர்மல் பேப்பர்னா அன்னிக்கே போட்டோக்காப்பி எடுத்துடுங்க, எழுத்து மறைஞ்சு போயிடும்.

என் கதை? மச்சான் வீட்டுக்கு வந்துச்சு, கட்டிட்டார்.

மலர் ஈஜோக்:
அண்ணே, அம்மாவுக்கு அப்ப வயசு 74. அந்த விலக்கை மிச்சம் பிடிச்சு எந்த வீட்டை விக்கப் போறாங்க?

பத்துஆராங் பாலா:
ரசீதுன்னு அண்ணன் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அடுப்படியை பின்னால இழுத்துக் கட்டினோம், 18,000 வெள்ளி, எல்லாம் ரொக்கம். காண்ட்ராக்டர் மொத்தக் கணக்கையும் சிகரெட் பெட்டியைப் பிரிச்சு உள்பக்கத்துல எழுதிக் குடுத்தார், அதுதான் எங்ககிட்ட இருந்த ஒரே ஆதாரம். என் வீட்டுக்காரி அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு மத்த பேப்பரோட நீட்டிட்டா. ஆபீசர் ஒரு பக்கம் கணக்கைப் பார்த்தார், இன்னொரு பக்கம் அந்தப் புத்துநோய்ப் படத்தைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லாம ரெண்டு விரலால எடுத்து திருப்பி வெச்சுட்டார். சிரிச்சிருந்தாகூட தேவலை. 18,000ல ஒரு காசு கழியலை.

செம்பனைக்காரன்:
ராஜா அண்ணே, பாரம் போகலைன்னு நான் சொல்லவே இல்லையே, போன பாரத்துல தேதி தப்புன்னுதானே சொன்னேன். திருத்தின கடிதம் வந்துடுச்சு, வரி இல்லை. 6,900ஐத் திருப்பிப் போட பேங்க் நம்பர் குடுத்திருக்கேன். லாயர் ஆபீஸ்ல இருந்தும் போன் வந்துச்சு. மன்னிப்புக் கேட்கப் போறாங்கன்னு எடுத்தா, பைல் குளோஸ் பண்ண இன்னும் 150 வெள்ளி பாக்கியாம்.